பாய்லரும் பிரிண்டரும்

பிப்ரவரி 8

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீயும் என் மகனும் பிரிந்த பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மருமகள் என்று எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன். உன் விலாசத்தை உன் அக்காவிடம் கேட்டு வாங்கினேன். கொடுத்ததற்காக அவளைத் திட்டாதே.

போன் செய்திருக்கலாம். ஆனால் காதில் மாட்டுகிற கருவி போனைக் கண்டாலே விசில் அடிக்கிறது. நீ ஒன்று பேச, நான் வேறொன்றுக்குத் தலையாட்ட, அது நமக்கு வேண்டாம். வேலைக்காலம் முழுக்க பாய்லர் அறையில் கிடந்தவனுக்குக் கையெழுத்தாவது மிச்சமிருக்கிறதே.

விஷயத்துக்கு வருகிறேன். கணினி மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது உன்னுடைய குறுந்தகடு ஒன்று கிடைத்தது. அட்டையில் துப்பாக்கி பிடித்த கை, பின்னால் ஒரு கோட்டை. சாயங்காலங்களில் நீ ஆடுவாயே, அந்தச் சுடுகிற விளையாட்டு. உன் பொருள், தபாலில் அனுப்பிவிடுவதுதான் முறை. ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. நானும் அதை ஆடிப் பார்க்க வேண்டும்.

தகட்டைப் போட்டேன். ஏதேதோ கோப்புகள் வரிசையாக வந்தன. எதை அமுக்கினாலும் 'இதை எதைக்கொண்டு திறப்பது?' என்று கணினி என்னையே கேட்கிறது. எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அதைக் கேட்கப்போகிறேன்? விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுக்கொடுத்த லினக்ஸ்தான் இன்னும் அதில் ஓடுகிறது. கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்னார். "அது என் மருமக போட்டது, நல்லாத்தான் ஓடுது, விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

தகட்டை அனுப்பட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா? வைத்துக்கொள்ளலாம் என்றால் எப்படி ஓட்டுவது என்று எழுது. பதில் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. போட்டால் சந்தோஷப்படுவேன்.

மாமா


பிப்ரவரி 21

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். அக்கா மேல் கோபம் இல்லை. தகடு உங்களிடமே இருக்கட்டும்.

அந்த விளையாட்டில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று அதை ஓட்டுகிற இயந்திரம். மற்றது அதற்குள் போகிற சரக்கு: சுவர், கதவு, பிராணி, சத்தம் எல்லாம். இயந்திரத்தைச் செய்தவர்கள் பல வருஷத்துக்கு முன்பே அதன் நிரலை ஊருக்கே திறந்துவிட்டார்கள். யார் யாரோ, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், இன்றைய கணினியில் ஓடுகிற மாதிரி அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் சரக்கு தகட்டில் மட்டும்தான். உங்கள் பாஷையில் சொன்னால் பாய்லர் இலவசம், நிலக்கரி நாம் போட வேண்டும்.

என்ன என்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். சரக்கைப் போட வேண்டிய கோப்புறை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அதை வெளியே வரவழைக்கும் விசையைத் தாளில் வட்டமிட்டிருக்கிறேன். அடுத்தது, தகட்டில் கோப்புகளின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்துப் பெயர் ஒரு ஆள், சின்ன எழுத்துப் பெயர் இன்னொரு ஆள்.

பின்னணி இசை வராது. அதைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். உங்களுக்குத் தேவைப்படாது என்று அதை எழுதவில்லை. தவறாக நினைக்காதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

வணக்கத்துடன்.


மார்ச் 5

அன்புள்ள மருமகளுக்கு,

மாத்திரை போடுகிறேன், அழுத்தமும் சொன்னபடி கேட்கிறது. உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது, நீ மட்டும் இல்லை. 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

விளையாட்டு ஓடிவிட்டது! முதலில் ஓடவில்லை. நான் எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டு ஒன்றை மட்டும் பெரிய எழுத்திலேயே விட்டிருக்கிறேன். கருப்புத் திரையில் ஒரு வரி, அதோடு சரி. நீ எழுதிய தாளை மறுபடி படித்து, அந்த ஒன்றையும் மாற்றினேன். வந்தது பார், கோட்டை! ஆனால் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்குத்தான் வந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு ஆடுகிறேன்.

ஆடுகிறேன் என்பதைவிடச் சாகிறேன் என்பதுதான் சரி. முதல் அறையைத் தாண்ட முடியவில்லை. பின்னால் ஏதோ ஒரு நாய் மாதிரி வந்து கடித்துக் கொன்றுவிடுகிறது. கருவியை மாட்டினால் உறுமல் கேட்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் தெரிவதில்லை. நான் வலப்பக்கம் திரும்பினால் அது இடப்பக்கம் நிற்கிறது. நேற்று அதைத் திட்டியதில் அடுத்த வீட்டுத் தையல்காரர் ஓடி வந்துவிட்டார். வீட்டில் நான் ஒருவன்தானே, யாரைத் திட்டுகிறேன் என்று பயந்திருக்கிறார்.

உன் அறை எப்படி இருக்கிறது? ஜன்னல் இருக்கிறதா? சமைக்கிறாயா, வெளியில் சாப்பிடுகிறாயா? அதையும் எழுது.

மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாய்க்கடியிலிருந்து நீங்கள் தேறிவிட்டீர்களா?

அறையைக் கேட்டிருந்தீர்கள். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஜன்னல் உண்டு. எதிரே ஒரு கட்டடத்தின் முதுகு, அதில் ஏசி பெட்டிகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிடுகிறேன்.

வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே உள்ள கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது. நான் உட்காரும் அறையில் இயந்திரங்களுக்காகக் குளிர் வைத்திருப்பார்கள், எனக்கு ஸ்வெட்டர். யாரும் உள்ளே வர மாட்டார்கள். லேபிள் அடிக்கிற பிரிண்டர் சிக்கிக்கொண்டால் மட்டும் கதவு திறக்கும். "பிரிண்டர் அக்கா, கொஞ்சம் வாங்களேன்." அங்கே அதுதான் என் பெயர். சரிசெய்துவிட்டுத் திரும்புவேன். சில நாள் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு யாரும் என்னிடம் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் உறைக்கும்.

திரை அளவைச் சரிசெய்ய ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதைச் சேர்த்தால் கோட்டை முழுசாகத் தெரியும். நாய்க்கு வழி: எப்போதும் முதுகைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். காது செய்யாததைச் சுவர் செய்யும்.

இன்னொன்று. என் பழைய லேப்டாப் கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தது. அதிலும் லினக்ஸ் போட்டு அந்த விளையாட்டின் சர்வராக ஆக்கியிருக்கிறேன். அதாவது நீங்கள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே கோட்டைக்குள் வரலாம். அதன் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் இருப்பேன். உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் பிரிண்டர்.

உங்கள் மருமகள் என்று எழுத வரவில்லை. பிரிண்டர் என்றே முடிக்கிறேன்.


ஏப்ரல் 16

பிரிண்டர் அம்மாவுக்கு பாய்லர் எழுதுவது.

சுகமாக இருக்கிறேன், ஞாயிறு தவிர. ஞாயிறு மட்டும் சாகிறேன்.

அம்மா, இது நியாயமா? மாமனாரைப் பின்னாலிருந்து சுட்டுவிட்டு 'சாரி மாமா' என்று அடிக்கிறாய். அதற்குப் பதில் எழுத நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சுடுகிறாய். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதற்குள் எனக்கு இரண்டு ஜென்மம் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் சொல்கிறேன், முதல் ஞாயிறு நீ மாடிப்படியில் இறங்கி வந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ இரும்புச் சட்டை போட்ட பொம்மைதான். ஆனால் தலைக்கு மேல் உன் பட்டப்பெயர். என் முன்னால் வந்து நின்று, இரண்டு தரம் குதித்தாய். வணக்கம் என்று புரிந்துகொண்டேன். நானும் குதிக்கப் பார்த்து, விசையை மாற்றி அமுக்கி உன்னைச் சுட்டுவிட்டேன். இதுவரை என் ஒரே வெற்றி அதுதான்.

தையல்காரர் இப்போது நாலு மணிக்கு நாற்காலியோடு வந்துவிடுகிறார். போன வாரம் என் காதுக்குள் கத்தினார்.

"யாரு சார் அது, பின்னாடியே வந்து வந்து சுடுது?"

"என் மருமக."

"அவங்க பிரிஞ்சு போயிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"என் பையன்கிட்டேருந்துதான்யா."

அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சுவர் உத்தி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் எங்கேயும் போக முடியவில்லை. நடு முற்றத்துக்கு வந்தால் செத்தேன். வேறு வழி இருக்கிறதா?

உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் இந்த வயதில் துப்பாக்கி எதற்கு என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டியிருப்பாள்.

பாய்லர்


மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம்தானா என்பதுதான் இந்த முறை உண்மையான கேள்வி. இரண்டு ஞாயிறாக உங்களைக் காணோம். முதல் வாரம் மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் ஆறு மணி வரை முற்றத்திலேயே நின்றேன். யாரும் இல்லாதபோது அந்தக் கோட்டையில் விளக்குகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், பார்க்க நன்றாக இருக்காது. உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

இதோடு ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட வழி அதில் இருக்கிறது. நிரல் திறந்துதானே கிடக்கிறது, அதில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்குப் பார்க்கிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கணக்கு விடையை ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்பாமல் திரைக்கும் அனுப்பு என்று மாற்றியிருக்கிறேன். இனிமேல் இடப்பக்கம் சத்தம் வந்தால் திரையின் இடது ஓரம் மஞ்சளாக ஒளிரும். பின்னால் வந்தால் கீழ் ஓரம். கிட்ட வர வர வெளிச்சம் கூடும்.

பெரிய வேலை இல்லை. ஆனால் செய்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலங்களில் நேரம் போனதே தெரியவில்லை. ரொம்ப நாளாயிற்று இப்படி. லினக்ஸ் விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு தளத்திலும் அதைப் போட்டேன். யாரோ ஒருவர் 'என் தம்பிக்கும் காது கேட்காது, நன்றி' என்று எழுதியிருந்தார்.

பதில் சீக்கிரம் போடுங்கள்.

பிரிண்டர்


ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். கவலைப்படாதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். முன்னறையைக் காலி செய்ததில் கணினி பின்னறைக்குப் போய்விட்டது, வயரெல்லாம் மாற்ற நேரமாகிவிட்டது. அதனால்தான் வர முடியவில்லை.

பென்டிரைவ் வந்தது. மஞ்சள் வெளிச்சம் அருமை. நாயைத் திரும்பிப் பார்த்துச் சுட்டேன், முதல் தடவை. நீ எனக்குச் செய்த இந்தக் காரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெயில் அதிகம். நாங்கள் மத்தியானத்தில் வெளியே போவதில்லை. நீயும் போகாதே. அந்தக் குளிர் அறையிலிருந்து சட்டென்று வெயிலுக்கு வந்தால் தலை வலிக்கும்.

அடுத்த ஞாயிறிலிருந்து வந்துவிடுவேன்.

மாமா


ஜூன் 23

மாமாவுக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

போன ஞாயிறு நாலு மணிக்கு 'பாய்லர் உள்ளே வந்தார்' என்று திரையில் எழுத்து வந்தது. 'வாங்க மாமா' என்று அடித்தேன். பதில் இல்லை. வழக்கம்போல எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு மாடிப்படியில் பார்த்தேன். நீங்கள் நிஜத்தில் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிற மாதிரியே அதிலும் சுவரோரமாக இறங்குவீர்கள். இந்த ஆள் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி இறங்கினார். கதவைத் திறக்குமுன் இடது மூலைக்கு ஒரு குண்டு, அங்கே யாரும் இல்லையென்று தெரிந்தும். தூணைச் சுற்றினால் இடப்பக்கமாகவே சுற்றினார். தெருவில் ஒருவர் போவதைத் தூரத்தில் முதுகுப்பக்கமாகப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அப்படித்தான். ஆறு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த நடை அது.

நான் சுடவில்லை. நின்றுவிட்டேன். அவர் ஓடி வந்தவர், என்னைக் கண்டதும் தாமும் நின்றார். அவருக்கும் தெரிந்திருக்கும். நான் எங்கே எப்படி நிற்பேன் என்று அவருக்குத் தெரியாதா? துப்பாக்கி மெதுவாகத் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. அந்த விளையாட்டில் தலைகுனிய வேறு வழி கிடையாது. அப்புறம் 'பாய்லர் வெளியேறினார்' என்று வந்தது.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நாங்கள் மத்தியானத்தில் வெளியே போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், 'நான்' என்று இல்லை. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. வெள்ளையடித்ததும் சும்மா இல்லை போலும்.

எப்போது வந்தார், யாரோடு வந்தார் என்று கேட்கவில்லை. அது உங்கள் வீடு, அவர் உங்கள் பிள்ளை. சர்வரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறேன்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.


ஜூலை 29

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, கைதான் எழுதவில்லை.

அவன் ஏப்ரல் கடைசியில் வந்தான். வேலை போய்விட்டது, வாடகை வீட்டையும் விட்டுவிட்டார்கள். அவனோடு இருக்கிற அந்தப் பெண்ணும் வந்தாள், மாசமாக இருந்தாள். வாசலில் பெட்டியோடு நிற்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? உள்ளே வாங்க என்றேன். முன்னறையைக் குழந்தைக்காகத்தான் வெள்ளையடித்தோம்.

அந்த ஞாயிறு அவளுக்கு இடுப்பு வலி என்று மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன், அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று. திரும்பி வந்தால் அவன் நாற்காலியில் இருந்தான். எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து கேட்டான்.

"அப்பா, யாருப்பா அது?"

"தெரிஞ்சுதானே கேக்குற?"

அவன் போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். ராத்திரி சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் ஞாயிறு போய்விடும் என்று பயந்தேன். சொல்லாமலும் போய்விட்டது.

போன வாரம் குழந்தை பிறந்தது, பெண். தாயும் குழந்தையும் நலம். இதை நீ இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன்.

நீ நன்றாகச் சாப்பிடு. ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிடாதே.

மாமா


செப்டம்பர் 9

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, தொடங்காமலே எழுதுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. உன் விலாசம் உறையின் பின்பக்கத்தில் இருந்தது.

எனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. இந்த வீட்டில் இருக்கிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அப்பா பின்னறைக்குப் போய்க் கணினியைப் போடுகிறார். நீ எழுதிக்கொடுத்த முகவரியைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறார். சர்வர் பதில் தரவில்லை என்று வரும். கொஞ்சம் விட்டு மறுபடி அடிப்பார். அப்புறம் தனியாகவும் ஆடுவதில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். தையல்காரர் வந்தால், "இன்னைக்கு அவளுக்கு வேலை இருக்காம்" என்கிறார். இது எல்லா வாரமும் நடக்கிறது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, தூரத்தில். மாதக் கடைசியில் கிளம்புகிறோம். அப்பாவையும் கூப்பிட்டேன். "நீங்க போங்க, எனக்கு இங்க பழக்கமாயிடுச்சு" என்கிறார். எதற்குப் பழக்கம் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நாற்காலியில் நான் அதற்கப்புறம் உட்காரவில்லை. உட்காரவும் மாட்டேன். இதற்குப் பதில் வேண்டாம்.


செப்டம்பர் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள், காது உட்பட, நலமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் எழுதாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சர்வர் போட்டிருந்த லேப்டாப்பில் விசிறி கெட்டுப்போய்விட்டது. பழைய மாடல், அதற்கேற்ற விசிறி கிடைக்க இவ்வளவு நாளாகிவிட்டது. நேற்றுத்தான் மாட்டினேன். அந்த நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலும் வேலை கூடுதல். ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், தப்புதான்.

குழந்தை பிறந்த செய்திக்குச் சந்தோஷம். நிஜமாகத்தான் எழுதுகிறேன். எழுதி அடித்து, மறுபடி எழுதினேன். பெயர் என்ன வைத்தீர்கள் என்று இப்போது எழுத வேண்டாம். பிறகு ஒரு நாள் நானே கேட்கிறேன்.

வேலையிடத்தில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள், மாதிரிகளைப் பதிவு செய்கிறவள். போன வாரம் பிரிண்டர் சிக்காமலே கதவைத் திறந்தாள். "சும்மாதான் வந்தேன்க்கா, வெளியில ஒரே புழுக்கம்" என்றாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் குளிர் தாங்காமல் போய்விட்டாள். நாளைக்கு வந்தால் கொடுக்கலாம் என்று இன்னொரு ஸ்வெட்டர் எடுத்துவைத்தேன். வரவில்லை. நாற்காலி மேலேயே கிடக்கிறது.

அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து நாலு மணிக்கு நான் இருப்பேன். சர்வருக்குள் வர இனிமேல் ஒரு கடவுச்சொல் கேட்கும். கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும்.

பிரிண்டர்


அக்டோபர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், பாதியை நம்புகிறேன்.

அவர்கள் போன மாதக் கடைசி நாள் காலையில் கிளம்பினார்கள். அவன் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது குழந்தையை நான்தான் வைத்திருந்தேன். வாயைத் திறந்து அழுதாள். கருவி சட்டைப்பையில் இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முகம் சிவந்து சிவந்து வருவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் வந்து வாங்கிக்கொண்டாள். போகும்போது என் காலில் விழப் போனாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கெட்டவள் இல்லை. இதை உன்னிடம் சொல்லக் கூடாதுதான், ஆனால் எதையும் சொல்லாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை மறக்காம உக்காருங்கப்பா" என்றான். உனக்கு ஏதாவது எழுதினானா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

முன்னறை காலியாக இருக்கிறது. வெள்ளையடித்த வாசனை இன்னும் போகவில்லை. கணினியை அங்கே மாற்றலாம் என்று நினைத்தேன், தையல்காரரும் தூக்க வருகிறேன் என்றார். வேண்டாம் என்று பின்னறையிலேயே விட்டுவிட்டேன். கடவுச்சொல்லை மனப்பாடம் செய்தாகிவிட்டது.

அம்மா, நான் என் வேலைக்காலம் பூராவும் பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறிகளோடு குடித்தனம் நடத்தியவன். ஆள் உயரத்து விசிறி கெட்டாலே ஒரு ஷிப்டில் மாற்றிவிடுவோம். உள்ளங்கை அளவு விசிறிக்கு மூன்று மாதமா? படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

பரவாயில்லை. நான் வெள்ளையடிக்கிறார்கள் என்று எழுதினேன், நீ விசிறி என்று எழுதினாய். கணக்கு நேராகிவிட்டது. இனிமேல் புதுக்கணக்கு வேண்டாம்.

ஞாயிறு நாலு மணிக்கு இருப்பேன். வர முடிந்தால் வா. வர மனமில்லாத வாரம் 'மாமா, இந்த வாரம் வர மனமில்லை' என்று எழுது. விசிறி என்று மட்டும் எழுதாதே.

பாய்லர்